கண்ணாடி, கவசம், காப்பு: தொற்றுக் காலங்களில் கண்காப்புச் சொற்களின் வரலாறு

2020-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் இந்திய மொழிகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே சொற்றொகுதியை மொழிபெயர்க்க வேண்டிய நிலைக்கு உள்ளாயின. மூக்கையும் வாயையும் மூடும் துணி, கண்ணைச் சுற்றிலும் இடைவெளியின்றி மூடும் கண்ணாடி, நெற்றி முதல் மோவாய் வரை முகம் முழுவதையும் மறைக்கும் ஒளிபுகும் தகடு ஆகிய மூன்றும் ஆங்கிலத்தில் மாஸ்க், காகிள்ஸ், ஃபேஸ் ஷீல்டு என மூன்று தனிச்சொற்களால் குறிக்கப்பெற்றன. தமிழில் முதலாவதற்கு முகக்கவசம் என்னும் சொல் நிலைபெற்றது. அது நிலைபெற்ற அளவிலேயே மூன்றாவதற்குரிய இயல்பான பெயர் பறிபோயிற்று. இரண்டாவதற்கோ கண்ணாடி என்னும் பழஞ்சொல் முன்வந்து நின்றது. பார்வைக் குறைவுக்கு அணிவதையும் அச்சொல்லே குறிக்கும். மருத்துவமனைச் சுவரில் ஒட்டப்படும் அறிவிப்பில் இவ்வேறுபாடு மயங்குமாயின் அதன் விளைவு சொல்லாராய்ச்சியின் எல்லைக்குள் நிற்பதன்று.

கண்வழியாகவும் கண்ணிலும் தொற்றும் நோய்கள், அவற்றுக்கு எதிராக அணியப்பெறும் பொருள்கள் ஆகியவை தமிழிலும் அண்டை மொழிகளிலும் பெயர்பெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. மருத்துவச் செய்திகள் சொற்பொருளை விளக்குவதற்கு வேண்டிய அளவிலேயே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

கண்ணும் ஆடியும்

கண்ணாடி என்பது கண், ஆடி என்னும் இரு சொற்களின் கூட்டு. ஆடி என்பது முகம் பார்க்கும் பொருளுக்குரிய பழஞ்சொல். எனவே இக்கூட்டுச்சொல் முதலில் முகம் பார்க்கும் பொருளையே குறித்தது. பின்னர் அப்பொருள் செய்யப்படும் மூலப்பொருளுக்கும், அதன்பின் பார்வைத் துணைக்கருவிக்கும் அதுவே பெயராயிற்று. இன்று தமிழில் சன்னலில் பதித்ததும் கண்ணாடி, சுவரில் மாட்டியதும் கண்ணாடி, மூக்கின்மேல் அமர்ந்ததும் கண்ணாடி. இவற்றுள் மூன்றாவதைப் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் தமிழ் ஒரு விந்தையான வழியைக் கையாண்டது. பெரும்பாலான மொழிகள் இக்கருவியைக் கண்ணோடு தொடர்புபடுத்திப் பெயரிடுகின்றன. இந்தியின் சஷ்மா என்பது கண்ணைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது. ஐனக் என்பதில் கண்ணைக் குறிக்கும் அரபுச் சொல் அமைந்துள்ளது. தெலுங்கின் களளத்தாலு என்பதிலும் கண் உண்டு. தமிழிலோ கண் என்பது பொதுச்சொல்லினுள் முன்னரே அடங்கிவிட்டமையால் அதனை மீண்டும் அடைமொழியாக்க இயலவில்லை. ஆகவே கருவியைத் தாங்கும் உறுப்பைக் கொண்டு மூக்குக்கண்ணாடி என்றனர்.

அண்டை மொழிகள் வேறு வழிகளில் இச்சிக்கலைத் தீர்த்துக்கொண்டன. மலையாளம் கண்ணாடி என்பதை முகம் பார்க்கும் பொருளுக்கு நிறுத்திக்கொண்டு, பார்வைக் கருவிக்குக் கண்ணட என்றொரு வடிவத்தை வைத்துக்கொண்டது. கன்னடத்தில் கன்னடி, கன்னடக என இவ்வேறுபாடே காணப்படுகிறது. சிங்களம் தமிழிலிருந்து கண்ணாடி என்பதைப் பெற்று, மூக்கில் அணிவதைச் சுட்டும்போது இணையைக் குறிக்கும் குட்டம என்னும் சொல்லைச் சேர்த்துக்கொள்கிறது. மலேசியாவில் தமிழர் அன்றாடம் கேட்கும் மலாய்ச் சொல்லாகிய செர்மின் மாத்தா என்பது ஆடி, கண் என்னும் இரு சொற்களின் கூட்டு. உறுப்புகளின் வரிசை மட்டுமே தமிழிலிருந்து வேறுபடுகிறது. கருவி தென்னிந்தியாவுக்குப் புதியதன்று. விசயநகர அரசவையோடு தொடர்புடைய வியாசதீர்த்தர் முதுமையில் இத்தகைய கருவியைக் கொண்டு படித்தார் என்னும் செய்தி சோமநாதர் இயற்றிய வியாசயோகி சரிதம் என்னும் வடமொழி நூலில் உள்ளது. அங்கே அது உபலோசன கோளகம், அதாவது துணைக்கண் வட்டு எனப்படுகிறது. அப்பெயர் நூலோடு நின்றுவிட்டது. வழக்கிற்கு வந்திருப்பின் இன்று கலைச்சொல் படைப்போருக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

இவையெல்லாம் படிப்பதற்கு அணியும் கருவியைப் பற்றியன. காப்பதற்கு அணியும் கருவிக்குத் தமிழில் தனிப்பெயர் தோன்றவில்லை. பட்டறைகளில் அது வெல்டிங் கண்ணாடி, வெயிலில் அது கறுப்புக் கண்ணாடி அல்லது கூலிங் கிளாஸ். தொழிலோ நிறமோ பெயரடையாக நிற்க, தலைச்சொல் கண்ணாடியாகவே நீடித்தது.

நோயிலிருந்து கண்ணைக் காக்க வேண்டும் என்னும் கருத்து மட்டும் தமிழில் மிகப் பழையது. அது கருவியை நாடாமல் வழிபாட்டை நாடியது. பெரியம்மை கண்டவர் உயிர் பிழைத்தாலும் பலர் பார்வையை இழந்தனர். கண் தப்பினால் மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொள்வது தமிழகச் சிற்றூர்களில் இன்றும் உள்ள வழக்கம். மெல்லிய வெள்ளித் தகட்டில் வெட்டிய அக்கண்ணுருவைக் கண்மலர் என்று பெயரிட்ட மொழி, கண்ணுக்கு இடும் காப்பைப் பற்றி ஒன்றும் அறியாதிருந்தது எனல் பொருந்தாது. பெரியம்மை உலகினின்றும் ஒழிக்கப்பட்டதாக 1980-இல் அறிவிக்கப்பட்டது. கண்மலர் சாத்துதல் தொடர்கிறது. காப்புக் கட்டுதல் என்னும் தொடரும் அவ்வழிபாட்டுக்கு உரியதே. இச்சொல்லுக்குப் பின்னர் மீண்டும் வரவேண்டியிருக்கிறது.

ஊர்ப்பெயர் பெற்ற நோய்

கண்ணின் வெண்படலம் வைரசுத் தொற்றால் சிவந்து, பீளை தள்ளி, இமை ஒட்டிக்கொள்ளும் நோயை இந்திய மொழிகள் பலவாறு பெயரிட்டுள்ளன. இந்தி, கண் வருதல் என்னும் பொருளில் ஆங்க் ஆனா என்கிறது. வங்காளத்தில் கண் எழுதல் என்னும் பொருளில் சோக் ஒட்டா என்பர். மலையாளத்தில் செங்கண்ணு, கன்னடத்தில் கெங்கண்ணு என நிறம் பெயராயிற்று. உருதுவில் ஆஷோப்-எ-சஷ்ம், அதாவது கண்ணின் கொந்தளிப்பு. தமிழில் கண்வலி, கண்நோய் என்னும் பொதுப்பெயர்கள் இருந்தும், சித்த மருத்துவ நயனவிதி நூல்கள் கண் நோய்களைத் தொண்ணூற்றாறு என வகைப்படுத்தியிருந்தும், மக்கள் நாவில் நிலைத்தது மெட்ராஸ் ஐ. கலைச்சொல்லாக்குவோர் தந்த விழிவெண்படல அழற்சி என்பது ஏட்டளவில் நிற்கிறது.

இப்பெயரின் தோற்றம் குறித்துப் பரவலாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. 1918-இல் சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் இந்நோயை உண்டாக்கும் அடினோ வைரசு கண்டறியப்பட்டது என்றும், அதனால் நோய் அவ்வூரின் பெயரைப் பெற்றது என்றும் நாளேடுகள் ஒவ்வொரு பருவத்திலும் எழுதுகின்றன. மருத்துவமனையின் பழைமையில் ஐயமில்லை. 1819-இல் தொடங்கப்பெற்ற அது உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. ஆனால் வைரசு பற்றிய செய்தி காலத்தோடு பொருந்தவில்லை. அடினோ வைரசு முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது 1953-இல், அமெரிக்காவில். அப்பெயரும் அதன்பின் இடப்பட்டதே. 1918-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகையே உலுக்கிய இன்புளூயன்சாவின் வைரசுகூட மனிதரிடமிருந்து 1933-இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. எழும்பூரில் பணியாற்றிய ஹென்றி கிர்க்பாட்ரிக், கருவிழியில் புள்ளிகளை உண்டாக்கும் கண்நோய் கொள்ளைநோயாகப் பரவியதை விவரித்து 1920-இல் பிரிட்டிஷ் கண்மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டார். நோயின் விவரிப்பு ஒன்று, மறுபடி மறுபடி எடுத்துரைக்கப்பட்டபோது, நோய்க்கிருமியின் கண்டுபிடிப்பாக உருமாறியது எனக் கருத இடமுண்டு. பெயர் முழுவதும் ஆங்கிலமாக இருப்பதும் நோக்கத்தக்கது. தமிழர் இட்ட பெயராயின் அதில் கண் என்ற சொல்லேனும் இருந்திருக்கும்.

நோய்க்கு ஊர்ப்பெயரோ இனப்பெயரோ இடுவோர் பெரும்பாலும் பிறரைச் சுட்டியே இடுவர். தமிழிலேயே மேகநோய் வகையொன்று பறங்கிப்புண் எனப்பட்டது. அதற்குக் கொடுத்த மருந்துக் கிழங்கு பறங்கிப்பட்டை. மெட்ராஸ் ஐ இதற்கு நேர்மாறானது. பிறர் சூட்டிய பெயரைச் சுட்டப்பட்ட ஊராரே தம் பெயராக ஏற்றுக்கொண்டனர். 1996-இல் மாநகரின் பெயர் ஆங்கிலத்திலும் சென்னை என மாற்றப்பட்ட பின்னரும் நோயின் பெயர் மாறவில்லை. 2022-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நோய் தமிழகமெங்கும் பரவியபோது அரசுத் தரப்பு அறிவிப்புகளிலும் மெட்ராஸ் ஐ என்றே வழங்கப்பட்டது. அயற்சொல் வீட்டுச்சொல்லாகிவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஊர்ப்பெயரின் கதை இவ்வாறிருக்க, இருபதாம் நூற்றாண்டில் உலகளாவிய பெருந்தொற்றாகவே பரவிய கண்நோய் ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதனைக் குருதிக்கசிவுடன் கூடிய கடும் விழிவெண்படல அழற்சி என வரையறுத்தனர். 1969-ஆம் ஆண்டின் நடுவில் கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் அது முதன்முதலாகக் காணப்பட்டது. தொற்றிய ஒரு நாளுக்குள், அல்லது சற்றுக் கூடுதலான நேரத்தில், கண் சிவந்து வெண்படலத்தின் கீழ் குருதி கசிந்தது. அவ்வாண்டு சூலைத் திங்களில் அப்பல்லோ 11 விண்கலம் மனிதரை நிலவில் இறக்கியது. கானா மக்கள் இரண்டையும் இணைத்து நோய்க்கு அப்பல்லோ என்றே பெயரிட்டனர். வானத்தில் நிகழ்ந்ததற்கும் கண்ணில் நிகழ்ந்ததற்கும் காலம் ஒன்றாயிருந்தது என்பதைத் தவிர வேறு தொடர்பில்லை. எனினும் பெயர் மருத்துவ இதழ்கள் வரை சென்றது. நோய் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றைக் கடந்து 1970-இல் இந்தோனேசியாவையும் 1971-இல் இந்தியாவையும் சப்பானையும் அடைந்தது. இதன் காரணியாகிய எண்டிரோ வைரசு 70 என்பது சப்பானில் அடையாளம் காணப்பட்டது. 1970-இல் சிங்கப்பூரில் பரவிய இதனையொத்த நோய்க்குக் காக்சாக்கி வைரசு ஏ24 என்பதன் திரிபு காரணமாயிருந்தது. மக்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே நோய், ஒரே சிவப்பு.

1971-இல் இந்நோய் வங்காளத்தை அடைந்த காலம் வங்கதேச விடுதலைப் போரின் காலம். ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்தனர். நெருக்கடி மிகுந்த முகாம்களில் நோய் விரைந்து பரவியது. மேற்கு வங்காளத்தில் அதற்கு இடப்பட்ட பெயர் சோய் பாங்ளா. விடுதலைப் போரின் வெற்றி முழக்கமே நோயின் பெயராயிற்று. பின்னர் பல பதிற்றாண்டுகள் கடந்தும் மேற்கு வங்காளத்தில் கண் சிவந்தவரைக் கண்டால் அச்சொல்லைச் சொல்வது வழக்கில் உள்ளது. ஒரு மக்களின் உயிர்முழக்கம் எல்லைக்கு இப்பால் பீளை படிந்த கண்ணுக்குப் பெயரானதில் எள்ளலும் உண்டு, வந்தேறியவர்மீது பழி சுமத்தும் மனநிலையும் உண்டு. அகராதியில் இச்சொல்லுக்குப் பொருள் எழுதுவோர் இரண்டையும் விட்டுவிட்டுக் கண்நோய் என்று மட்டும் எழுதினால் அது பாதிப் பொருளே. இத்தகைய பெயர்கள் ஏற்படுத்தும் தீங்கைக் கருதியே உலக நல்வாழ்வு நிறுவனம் 2015-இல் புதிய நோய்களுக்கு ஊர், ஆள், விலங்கு, தொழில் ஆகியவற்றின் பெயரை இடலாகாது என நெறிமுறை வகுத்தது. 2020 பிப்ரவரி 11 அன்று கோவிட்-19 என்னும் பெயர் அறிவிக்கப்பட்டது அந்நெறியின் வழியேயாகும்.

பெயர் எளிதாக இருப்பதால் நோயும் எளிதென எண்ணப்பட்டது. ஆனால் 1971-இல் பம்பாயில் இந்நோய் கண்ட சிலருக்குப் பின்னர் இளம்பிள்ளைவாதத்தை ஒத்த கைகால் செயலிழப்பு ஏற்பட்டதை நரம்பியல் மருத்துவர் என். எச். வாடியாவும் உடன்பணியாளரும் கண்டு எழுதினர்.

பார்வையால் பரவுமா?

மெட்ராஸ் ஐ என்னும் பெயரோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்ட பொருள் கறுப்புக் கண்ணாடி. நோயுற்றவரின் கண்ணைப் பார்த்தாலே பார்த்தவருக்கும் நோய் வரும் என்பது பரவலான நம்பிக்கை. நோயாளி பிறர்மீதுள்ள அக்கறையால் கறுப்புக் கண்ணாடி அணிகிறார். எதிரில் இருப்பவரும் சில வேளைகளில் அணிகிறார். இந்நம்பிக்கையின் வேர் மருத்துவத்தில் இல்லை, மொழியில் உள்ளது எனலாம். தமிழில் கண் என்பது ஒளியை வாங்கும் உறுப்பு மட்டுமன்று, எதையோ வெளியே செலுத்தும் உறுப்பும் ஆகும். கண் படுகிறது, கண்ணேறு தாக்குகிறது, கண் வைக்கிறார்கள். கண் என்னும் எழுவாய் செய்வினை கொள்ளும் இத்தொடர்களின் வரிசையில் நோயும் பார்வையின் வழியே பாய்வதாக எண்ணுவது இயல்பாகவே அமைந்துவிடுகிறது.

உண்மையில் இத்தொற்று விரலின் வழியே செல்வது. நோயாளி கண்ணைத் துடைத்த விரல், துண்டு, தலையணை உறை, பொதுவில் பயன்படும் மைச்சிமிழ், சொட்டு மருந்துக் குப்பியின் முனை ஆகியவையே ஊர்திகள். மருத்துவரின் கையும் கருவியுமேகூட ஊர்திகளாயின என்பதற்கு 1942-ஐ ஒட்டி அமெரிக்கக் கப்பல் தளங்களில் பரவிய நோய் சான்று. கண்ணில் விழுந்த இரும்புத் துகளை எடுப்பதற்காகத் தொழிலாளர் தளத்தின் மருந்தகத்திற்குச் சென்றனர். துகள் போயிற்று, தொற்று வந்தது. அந்நோய்க்கும் கப்பல்தளக் கண் என்று பெயரிட்டனர். தொழிலின் பெயர் தொழிலாளிமேல் சுமத்தப்பட்டது. மருந்தகத்தின் பெயரை எவரும் நோய்க்கு இடவில்லை.

கறுப்புக் கண்ணாடியால் பயனே இல்லை என்பதன்று. ஒளி பட்டால் கூசும் கண்ணுக்கு அது ஆறுதல் தரும். கை கண்ணுக்குச் செல்வதை ஓரளவு தடுக்கும். பிறரை எட்டி நிற்கச் செய்யும் அடையாளமும் ஆகும். ஆனால் அணிந்தவர் கடமை முடிந்ததென்று அதே துண்டைப் பிறரோடு பகிர்ந்துகொள்வாராயின் கண்ணாடி தடுத்தது ஒன்றுமில்லை. பழந்தமிழில் தொற்றுநோயைக் குறிக்க ஒட்டுவாரொட்டி என்னும் அருமையான சொல் உண்டு. தொடுவாரைத் தொற்றிக்கொள்வது என்று பரவும் முறையையே பெயராக்கிய சொல் அது. மெட்ராஸ் ஐ என்பதோ ஊரைச் சொல்கிறது, உறுப்பைச் சொல்கிறது, பரவும் வழியைச் சொல்வதில்லை.

கண்ணிலிருந்து மூக்கிற்கு

கண்ணில் தங்கும் நோய் வேறு, கண்ணை வாயிலாகக் கொண்டு உடலுக்குள் நுழையும் நோய் வேறு. கண்ணில் இட்ட சொட்டு மருந்து சிறிது நேரத்தில் தொண்டையில் கசப்பதை எவரும் உணர்ந்திருப்பர். கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்கிற்குச் செல்லும் கண்ணீர் நாளமே காரணம். இன்புளூயன்சாப் பெருந்தொற்றின்போது மூக்கையும் வாயையும் மூடினால் போதுமா என்ற வினா எழுந்தது. 1919-இல் அமெரிக்க மருத்துவர் கென்னத் மாக்சி, மூக்கும் வாயும் மூடப்பட்டுக் கண் மட்டும் திறந்திருந்தவர்கள்மீது அன்று தீங்கற்றதெனக் கருதப்பட்ட பாக்டீரியா ஒன்றைத் தெளிக்கச் செய்து, பின்னர் அது அவர்களது மூக்கினுள் இருப்பதைக் காட்டினார். அதற்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இவ்வினா பெரிதும் உறங்கியது. 1980-களின் நடுவில் அமெரிக்கக் குழந்தைகள் வார்டுகளில் கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் கண்ணாடியைப் பணியாளர் அணிந்தபோது மூச்சுப்பாதை வைரசுத் தொற்று அவர்களிடையே குறைந்ததாக ஆய்வுகள் வெளிவந்தன.

2020 சனவரியில் இவ்வினா மீண்டும் எழுந்தது. ஊகான் நகருக்கு ஆய்வுக்குழுவுடன் சென்ற பீக்கிங் பல்கலைக்கழக மருத்துவமனையின் மூச்சுநோய் வல்லுநர் வாங் குவாங்ஃபா என்95 அணிந்திருந்தும் நோயுற்றார். முதலில் தம் கண் சிவந்ததாகவும், கண்காப்பு அணியாமையே காரணமாகலாம் எனவும் அவர் கூறினார். புதிய நோய் குறித்து உடன் பயின்ற மருத்துவர்களை 2019 திசம்பர் 30 அன்று எச்சரித்து, அதற்காகக் கண்டிக்கப்பட்ட லீ வென்லியாங் கண் மருத்துவர். நோய்க்குறி தென்படாத கண்ணழுத்த நோயாளி ஒருவருக்கு மருத்துவம் பார்த்தபோது அவருக்குத் தொற்று ஏற்பட்டதாகக் கருதப்படுகிறது. பிப்ரவரி 7 அன்று 33-ஆம் வயதில் உயிர்நீத்தார். நோயாளியின் மூச்சு படும் அளவுக்கு நெருங்கி அமர்ந்து பார்க்க வேண்டிய தொழில் கண் மருத்துவம். அவர் கண்வழி நோயுற்றாரா மூக்கின் வழி நோயுற்றாரா என்பதை எவரும் பிரித்துச் சொல்ல இயலாது.

2020 சூனில் லான்செட் இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு 16 நாடுகளின் 172 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. கண்காப்பு அணிந்தோரிடையே தொற்று ஏறத்தாழ 6 விழுக்காடு, அணியாதோரிடையே 16 விழுக்காடு எனக் கணக்கிட்ட அது, இச்சான்றின் உறுதி குறைவு என்பதையும் உடன் கூறியது. மொழிபெயர்ப்பாளர் இங்கே விழிப்பாயிருக்க வேண்டும். எண் எளிதில் மொழிபெயர்ப்பாகும், உறுதிக்குறைவு என்னும் தொடரோ தலைப்பின் நீளத்திற்குள் அடங்காமல் உதிர்ந்துவிடும்.

இதனினும் நுட்பமானது சீனாவின் சூய்சோ நகர ஆய்வு. மருத்துவமனையில் சேர்ந்த 276 நோயாளிகளுள் நாள்தோறும் எட்டு மணி நேரத்திற்கு மேல் மூக்குக்கண்ணாடி அணிவோர் 16 பேரே, அதாவது 5.8 விழுக்காடு என்று 2020-இல் அது தெரிவித்தது. அப்பகுதி மக்களிடையே கிட்டப்பார்வை 31.5 விழுக்காடு எனப் பல்லாண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட கணக்கோடு இது ஒப்பிடப்பட்டது. 2022-இல் நார்வேயில் 3,717 பேரைக் கொண்டு நடந்த சோதனையில், ஒரு பிரிவினர் இரு வாரங்கள் வெளியிடங்களில் கண்ணாடி அணிந்தனர். பதிவேட்டில் ஏறிய தொற்று அணிந்தோரிடம் 3.7, மற்றவரிடம் 3.5 விழுக்காடு. வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். தாமே தெரிவித்த மூச்சுநோய்க் குறிகள் மட்டும் அணிந்தோரிடம் சற்றுக் குறைந்திருந்தன. இவ்விரு ஆய்வுகளையும் தமிழில் கண்ணாடி அணிபவர்கள் என்னும் ஒரே தொடரால் மொழிபெயர்த்தால் பொருள் சிதையும். சூய்சோவில் அத்தொடர் ஒரு வகை மனிதரைக் குறிக்கிறது. கிட்டப்பார்வை உடையோரே அங்குக் கண்ணாடி அணிபவர். அவர்கள் மற்றவரினின்றும் படிப்பு, தொழில், வயது என எதிலும் வேறுபட்டிருக்கலாம். நார்வேயில் அது ஒரு செயலைக் குறிக்கிறது. சோதனைக்காக அணியச் சொல்லப்பட்டோர் அங்குக் கண்ணாடி அணிந்தவர். எதிர்கால வினையாலணையும் பெயர் வழக்கத்தை உணர்த்தும், இறந்தகால வினையாலணையும் பெயர் நிகழ்ந்த செயலை உணர்த்தும். தமிழிலேயே கிடக்கும் இவ்வேறுபாட்டைப் பயன்படுத்தினால் அடிக்குறிப்பு இல்லாமலே இரண்டு ஆய்வும் தத்தம் அளவில் நிற்கும்.

கவசமும் காப்பும்

முகமூடி என்பது 2020-க்கு முன் தமிழில் நன்கு நிலைபெற்றிருந்த சொல். முகத்தை மூடுவது எனப் பொருளும் நேராக அமைந்தது. ஆயினும் நாளேடுகளில் அது கொள்ளையரோடு சேர்ந்தே வந்து பழகியது. அரசு அணியச் சொல்லும் பொருளுக்கு அப்பெயரை இடுவதில் தயக்கம் ஏற்பட்டது இயல்பே. இருசக்கர வண்டியோட்டிகளுக்கான சட்டத்தாலும் விளம்பரங்களாலும் தலைக்கவசம் என்னும் சொல் முன்னரே மக்களிடம் சேர்ந்திருந்தது. அதன் வார்ப்பிலேயே முகக்கவசம் எழுந்தது. தலைக்கவசத்தை அணிவதும் சட்டம், இதனை அணிவதும் சட்டம் என்னும் ஒப்புமை சொல்லிலேயே அடங்கிற்று. கவசம் வடசொல் எனினும் தமிழர்க்கு அது படைக்கருவியை மட்டும் நினைவூட்டுவதன்று. உறுப்புதோறும் காவல் வேண்டிப் பாடும் கந்த சஷ்டி கவசம் போன்ற நூல்களால் அச்சொல்லுக்கு வேண்டுதலின் சாயலும் உண்டு. தமிழகத்தைப் போலவே இலங்கைத் தமிழ் ஊடகங்களிலும் முகக்கவசமே பெருவழக்காயிற்று.

இழப்பு எங்கே நேர்ந்தது எனில், உண்மையில் கவசத்தை ஒத்த தகட்டுக்குச் சொல் இல்லாமற்போனது. முகக்கேடயம், முகத்தடுப்பு, முழுமுகக்கவசம் எனப் பலவாறு எழுதிப்பார்த்தனர். எதுவும் நிலைக்கவில்லை. கேடயம் கையில் பிடிப்பது, அணிவதன்று. முழுமுகக்கவசம் என்பது முகக்கவசத்தின் பெரிய வகை போல் ஒலித்து, துணிக்கு மாற்றாக இதையே அணியலாம் என்னும் தவறான எண்ணத்தைத் தரும். தகடு கண்ணுக்குக் காப்பாகும். கீழும் பக்கமும் திறந்திருப்பதால் மூச்சுக்கு அது துணியின் பணியைச் செய்யாது.

காகிள்ஸ் என்பதன் மொழிபெயர்ப்பே மிகுந்த கவனத்துக்குரியது. பார்வைக்கு அணியும் மூக்குக்கண்ணாடி தொற்றுக்குரிய கண்காப்பாகாது என்பது மருத்துவ நெறிமுறைகளின் தெளிவான முடிவு. மேலும் கீழும் பக்கங்களும் திறந்திருப்பதே காரணம். பணியாளர் கண்ணாடி அணிதல் வேண்டும் என்று தமிழில் எழுதிய அறிவிப்பைக் காணும் கிட்டப்பார்வையுடைய செவிலியர் தாம் முன்னரே அதனை நிறைவேற்றிவிட்டதாகக் கொள்ளத் தடையேதுமில்லை. ஆங்கில மூலத்தில் இம்மயக்கம் இல்லை. மொழிபெயர்ப்பே அதனை உண்டாக்குகிறது. பாதுகாப்புக் கண்ணாடி என அடைசேர்த்தாலும் தலைச்சொல் பழையதாகவே நிற்பதால் மயக்கம் குறையுமேயன்றி நீங்காது. கண் கவசம் என்பது நல்ல முயற்சி. எனினும் கண்ணில் புரை நீக்கியபின் ஒட்டும் மூடியும் சில இடங்களில் அவ்வாறே சொல்லப்படுகிறது. கண்காப்பு என்பது இவற்றினும் குறுகியது, கண்ணாடி என்னும் சொல்லை முற்றும் தவிர்ப்பது. காப்பு என்பதற்கு வளையல், கடவுள் வாழ்த்து, அம்மன் விழாவில் கையில் கட்டும் மஞ்சள் நூல் எனப் பிற பொருள்கள் இருப்பினும், கண் என்னும் முன்சொல் அவற்றை விலக்கிவிடும். பதிற்றுப்பத்தில் கவசத்தைக் குறிக்கும் மெய்ம்மறை என்னும் சொல்லின் வழியில் கண்மறை எனலாமே எனத் தோன்றலாம். ஆனால் இன்றைய தமிழில் அது கண்ணை மறைப்பதாகிவிடும். அணிந்தவர் வழி தெரியாமல் நிற்பார்.

சொல்லைத் தேர்ந்தபின்னும் தொடரமைப்பு எஞ்சுகிறது. கண்காப்பு அணிக என்று மட்டும் எழுதுவதினும், மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தாலும் அதன்மேல் கண்காப்பு அணிக என்று எழுதுவது மூலத்தை விட நீளமானது. ஆங்கிலச் சொல்லின் பொருளில் அடங்கிக் கிடப்பதைத் தமிழ் உம்மையால் வெளிப்படையாகச் சொல்கிறது. அது மிகைபடக் கூறல் ஆகாது.

மருத்துவமனைப் பேச்சுவழக்கு இதற்குள் தன் வழியைக் கண்டுகொண்டது. செவிலியர்கள் தங்களுக்குள் காகிள்ஸ், ஷீல்டு, மாஸ்க் என்றே பேசினர். கண்ணாடி என்றால் அங்கே பார்வைக்கு அணிவது மட்டுமே. ஏட்டுத்தமிழ் கலந்துவிட்ட மூன்றையும் அக்கடன்சொற்கள் பிரித்தே வைத்திருந்தன.